செட்டியாரின் சந்தேகங்கள்

எங்கள் வீட்டு மாடித் தரையில் ஒரு சதுரத் துவாரம் உண்டு. பினாங்குத் தெருவில் பழைய கடைவீடுகள் பலவற்றிலும் இதைப் பார்க்கலாம். கீழே கதவைத் தட்டுவது யார் என்று மேலிருந்தே தெரிந்துகொள்வதற்காகக் கட்டியவன் வைத்தது. வேண்டாதபோது ஒரு பலகையை இழுத்து மூடிவிடலாம். எங்கள் வீட்டில் அந்தப் பலகை மூடியிருந்து நான் பார்த்ததில்லை, ஏனென்றால் மூட வேண்டியவள் நான்தான்.

கீழே என் வீட்டுக்காரர் கமாலுதீன் ராவுத்தரின் சோடாக் கடை. நாலு வீடு தள்ளிச் செட்டியார்களின் கிட்டங்கி. ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் பாயும் போட்டுக்கொண்டு அவர்கள் வட்டிக்கடை நடத்தும் இடம் அது. அங்கே ஒரு கடைக்கு ஏஜெண்டாக வந்தவர் வயிரவன் செட்டியார். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார், தேநீரைத் தொட மாட்டார். கோலி சோடா மட்டும் குடிப்பார். இயந்திரம் அடைத்த குண்டுக்கு மதம் கிடையாது என்பது அவர் கட்சி. கிட்டங்கியில் எல்லாரும் மத்தியானத் தூக்கத்துக்குப் பாயை விரிக்கிற நேரத்தில் இவர் எங்கள் கடை பெஞ்சுக்கு வந்துவிடுவார். முதலில் குண்டை அழுத்தித் திறக்கும் சத்தம் கேட்கும். அடுத்தது மதச் சண்டை.

மேலிருந்து எனக்குத் தெரிவது இரண்டு தலைகள்தான். ஒன்று மொட்டை, ஒன்று தொப்பி. மொட்டைத் தலை ஒரு பதிகத்தை ராகம் போட்டுச் சொல்லி, "இதுக்கு என்ன சொல்றீக ராவுத்தரே" என்று கேட்கும். தொப்பி அதற்குப் பதில் சொல்லாமல் குர்ஆனிலிருந்து ஓர் ஆயத்தை ஓதி, "இதுக்கு மொதல்ல நீங்க சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்கும். ஒருவர் ஓதும்போது மற்றவர் காதில் வாங்கியதே கிடையாது, அடுத்து எதை எடுத்து விடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. இரண்டு பேரும் தினமும் ஜெயித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

ஒரு நாள் எனக்கு நல்ல தலைவலி. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. துவாரத்தில் வாயை வைத்துவிட்டேன்.

"ஏங்க, அவரு நம்பாத வேதத்தை எடுத்து அவரை அடிச்சா அவருக்கு எங்க வலிக்கும்? அடிக்கிறதுன்னா அவரு வேதத்தை எடுத்து அடிங்க. செட்டியாரே, உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

இரண்டு தலைகளும் அண்ணாந்தன. சட்டென்று முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். கீழிருந்து செட்டியாரின் குரல் வந்தது.

"ஆச்சி சொல்றதுல நியாயம் இருக்கு ராவுத்தரே. இனிமே இந்த பெஞ்சுல அவுகவுக வேதம் செல்லாது. அடுத்தவுக வேதம்தான் செல்லும்."

அதன்பிறகு சில வாரம் வீடு அமைதியாக இருந்தது. மற்றவர் வேதத்தில் இரண்டு பேருக்கும் ஓர் எழுத்துத் தெரியாது. சோடாவைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆண்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? இரண்டு பேரும் படிக்கக் கிளம்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் செட்டியார்கள் கும்பிடும் கோயிலின் பின்வாசலில் நின்று ஓதுவாரிடம் பதிகம் கேட்டுக்கொண்டார். அதைப் போத்தல் கழுவும்போது முணுமுணுப்பார். ஒரு நாள் தொழுகைக்கு முகம் கை கழுவும்போதும் அந்த ராகம் வந்தது. "மொதல்ல நாக்கைக் கழுவுங்க" என்றேன். செட்டியார் சூலியா தெருவில் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுக்கும் லெப்பையிடம் போனார். நெற்றி நிறைய விபூதியோடு கடைசி வரிசையில் ஒரு பெரிய ஆள் வந்து உட்கார்ந்ததும் லெப்பைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் பிள்ளைகள் யாரும் அர்த்தம் கேட்டதில்லை, செட்டியார் வரிக்கு வரி அர்த்தம் கேட்டார். லெப்பைக்கு அதில் ஒரே சந்தோஷம்.

அப்புறம் நடந்த சண்டைகளின் ருசியே வேறு. இப்போது அடி விழுந்தது. மனைவியை எப்படி நடத்த வேண்டும் என்ற ஆயத்து ஒன்றைச் செட்டியார் சொன்ன அன்று, என் வீட்டுக்காரர் பாசாருக்குத் தானே போய் மீன் வாங்கிவந்து தானே ஆய்ந்தும் கொடுத்தார். சேர்த்த காசு எதுவரைக்கும் கூட வரும் என்ற பதிகத்தை இவர் பாடிய அன்று, செட்டியார் பாதி சோடாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. இப்படியே இருந்திருக்கலாம். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் கடலுக்கு அக்கரையில் இருக்கிற சுங்கை பாக்காபுக்குச் செய்தி கொண்டுபோய்விட்டான்.

சுங்கை பாக்காபில் ஜவுளிக்கடை வைத்திருந்த நூர் முகம்மது ராவுத்தரின் மகன் சிக்கந்தருக்குத்தான் எங்கள் மகள் ஹமீதாவைப் பேசியிருந்தோம். நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று நாளும் குறித்தாகிவிட்டது. சிக்கந்தர் தங்கமான பையன். ஒரு நாள் கடைக்கு வந்தபோது இதே துவாரம் வழியாக ஹமீதா அவனைப் பார்த்தாள், அதன்பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அப்பாவைப் பற்றித்தான் எனக்கு யோசனை. எதற்கும் ஓர் ஆயத்து வைத்திருப்பார். யாராவது உரக்கச் சிரித்தால் அதற்கொன்று, தாமதமாக வந்தால் அதற்கொன்று. எல்லாம் மற்றவர்களுக்குத்தான். தனக்கென்று அவர் ஒன்றைச் சொல்லிக்கொண்டதாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கடல் தாண்டி வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, கோயில்ல போயி பாட்டுப் படிக்கிறீங்களாமே. நெசமா?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "படிக்கிறேன்தான். ஆனா..." என்றார்.

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நூர் முகம்மது எதையும் கேட்கவில்லை. ஆயத்து மேல் ஆயத்தாக ஓதினார். என் வீட்டுக்காரரின் தொப்பி குனிந்துகொண்டே போனது. கடைசியில், "மார்க்கம் ஆடிப்போன வீட்டுல நான் பொண்ணு எடுக்க முடியாது" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹமீதா என் கையைப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செட்டியார் சோடாவுக்கு வந்தார். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். கல்யாணம் முறிகிற முகத்தைக் கண்டுபிடிக்க வட்டிக்கடைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், நீளமான ஓர் ஆயத்தைத் தொடங்கி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதி முடித்தார். நூர் முகம்மது முழுசாக அவர் பக்கம் திரும்பினார்.

"செட்டியாரே, இது உங்களுக்கு எப்படி..."

"எல்லாம் நம்ம ராவுத்தர் போட்ட பிச்சை. எனக்கு வழி காட்டணும்னா மொதல்ல நான் நிக்கிற எடம் எதுன்னு தெரியணும்னு சொல்லி, எனக்காகக் கோயில் வாசல் வரைக்கும் போனாக. இப்படி ஒரு மனுசரை நான் பாத்ததில்லை."

பச்சைப் பொய் என்றும் சொல்ல முடியாது. நூர் முகம்மது எழுந்து என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார். சம்பந்தி ஓர் ஆத்மாவையே மார்க்கத்துக்குக் கொண்டுவருகிறார் என்று அவர் கண்ணில் நீர். மேலே நானும் ஹமீதாவும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் நீடித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் புதிய யோசனையோடு வந்தார்.

"ஒரே சபையில ரெண்டு நல்ல காரியம் நடக்கட்டும். செட்டியார் கலிமா சொல்லி மார்க்கத்துக்கு வரட்டும், அந்தச் சூட்டோட நிக்காஹ். அது வரைக்கும் கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பேருகூடப் பாத்து வச்சிட்டேன் செட்டியாரே. நாவிதர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன்."

செட்டியார் குடித்துக்கொண்டிருந்த சோடா மூக்கு வழியாக வந்தது.

ஹமீதா சிரிக்கவில்லை. "செட்டியார் சாச்சாவும் மாறமாட்டாங்க, எனக்கும் கல்யாணம் ஆகாது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு உலகத்து ஆண்பிள்ளைகள் அத்தனை பேர் மீதும் கோபம் வந்தது. மறுநாள் மத்தியானம் மொட்டைத் தலை வந்து உட்கார்ந்ததும் துவாரத்துக்கு வந்தேன்.

"செட்டியாரே, மேல பாக்காம காதை மட்டும் குடுங்க. நீங்க சொன்ன பொய்யால எம்பொண்ணு கல்யாணம் நிக்குது."

"நெசத்தைச் சொல்லிரட்டுமா ஆச்சி?"

"சொன்னா அடியோட நின்னுரும்."

"மாறவும் முடியாது, மாறமாட்டேன்னு சொல்லவும் முடியாது" என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா மாட்டிக்கிட்டோம் லா."

செட்டியார் யோசித்தார். அப்புறம் லேசாகச் சிரித்தார். கடன் கேட்டு வருகிறவனிடம் கிட்டங்கியில் உடனே இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களாம், சரி என்றும் சொல்ல மாட்டார்களாம். விசாரிக்க வேண்டும் என்பார்களாம். "விசாரணை முடியுற மட்டும் வந்தவன் ரொம்ப நல்லவனா நடந்துக்குவான் ஆச்சி. அவனோட வீட்டுக்காரிக்கே அவனை அடையாளம் தெரியாது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நூர் முகம்மது வந்ததும் செட்டியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருக்கு. அது தீராம நான் எப்படி முடிவு பண்றது?"

"கேளுங்க, கேளுங்க."

கொடுத்த வாக்கைப் பற்றி ஓர் ஆயத்தை ஓதினார் செட்டியார். "இதுக்கு, சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்னுதானே அர்த்தம்?"

"அதேதான். அதுல என்ன சந்தேகம்?"

"அதுல சந்தேகம் இல்லை. பெருநாள் கழிஞ்சு நிக்காஹ்ன்னு நாலு பேரு முன்னால நாள் குறிச்சாக. இப்பத் தள்ளி வைக்கணுங்கிறாக. அப்ப இந்த வசனம் எல்லாருக்குமா, இல்லை எனக்கு மட்டுமா? அதுதான் பிடிபடலை."

நூர் முகம்மது வாயைத் திறந்தார். அவர் வாய் திறந்து ஆயத்து வராமல் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பெருநாள் கழிந்து குறித்த நாளில் நிக்காஹ் நடந்தது. செட்டியார் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் சோடாவோடு, பந்தலுக்கு வந்தவர்கள் எல்லாரையும் தன் வீட்டுக் கல்யாணம் போல விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். நூர் முகம்மது விடுகிற ஆளா? ஒரு சந்தேகம் தீர்ந்துவிட்டது, அடுத்தது என்ன என்று வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து நின்றார்.

இதற்கிடையில் சுங்கை பாக்காபில் என் மகள் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். தாய்வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. அதற்கொரு வசனம். கறியில் உப்பு கூடினால் அந்தத் தெருவே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். சிக்கந்தர் நல்லவன்தான், அப்பாவின் முன்னால் நாக்கு எழாது. அவன் ஒருநாள் சோடா போத்தல் வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். நான் மேலே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் செட்டியாருக்கு ஒரு சந்தேகம் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு லெப்பையிடம் போய், அதற்குப் பொருத்தமான ஆயத்தைத் தேடி வாங்கிவந்தார்.

"உறவை அறுக்கக் கூடாதுன்னு இருக்கு" என்றார் வெள்ளிக்கிழமை. "தாய்வீட்டு உறவு இதுல சேருமா, சேராதா? இது ஒண்ணு தெளிஞ்சிட்டாப் போதும்."

அடுத்த வாரமே ஹமீதா பையும் கையுமாக வந்து இறங்கினாள்.

அப்புறம் கடுஞ்சொல் பற்றி ஒரு சந்தேகம். அதன் பலனைச் சிக்கந்தர் வந்து சொன்னான். அத்தா சத்தம் போட வாயெடுப்பாராம், பாதியில் நிறுத்தி, "செட்டியார் கேப்பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் ஆட்டுக்குட்டியைத் திட்டுவாராம். ஆட்டுக்காக ஒரு சந்தேகம் கிளப்பலாமா என்று செட்டியார் கேட்டார். வேண்டாம், அளவோடு போவோம் என்றேன்.

கிட்டங்கியில் இது புகையாமல் இருக்குமா? நம் ஆள் மதம் மாறப் போகிறான் என்று மற்றச் செட்டியார்கள் கூடிப் பேச, ஊருக்கு எழுதிப் போடுவோம் என்றுகூடக் கிளம்பிவிட்டார்களாம். வயிரவன் செட்டியார் அவர்களிடம் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கிட்டங்கியிலிருந்து இரண்டு பேர் வந்து, நூர் முகம்மதுவைப் பார்த்து மிகவும் வாஞ்சையாகச் சிரித்து, ஒரு பொட்டலம் விபூதியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, மாறப்போவது இவர்தான் என்று செட்டியார் அங்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார். அன்று சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

ஏஜெண்டுகளுக்கு மூன்று வருடக் கணக்கு, அது முடிந்தால் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டும். செட்டியாரின் கணக்கும் முடிந்தது, புது ஆள் வந்து பெட்டியடியில் உட்கார்ந்துவிட்டார். கப்பலுக்கு முந்தின நாள் கடைசி சோடா குடிக்க அவர் வந்தார். வெள்ளிக்கிழமைதான். ஹமீதா பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். என் வீட்டுக்காரர் குண்டை அழுத்திய சத்தமே அன்று சுரத்தில்லாமல் இருந்தது.

"ராவுத்தரே" என்றார் செட்டியார். "இன்னைக்கு உங்க சம்பந்திக்கிட்ட உள்ளதைச் சொல்லிரப் போறேன். வாரம் தவறாம கடல் தாண்டி வாராக அந்த மனுசர். நான் பொய்யைச் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்படியே கப்பல் ஏற எனக்கு மனசு வரலை."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹமீதா, வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து, துவாரத்துக்கு வந்துவிட்டாள்.

"சாச்சா, சொல்லிடாதீங்க. நீங்க யோசிச்சுக்கிட்டிருக்கீங்கன்னுதான் அவங்க என்னை மனுஷியா நடத்துறாங்க. இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே பழையபடி ஆயிடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு."

மொட்டைத் தலை குனிந்தது. "தாயி" என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு பேசுவதற்குள் வாசலில் நூர் முகம்மதுவின் ஸலாம் கேட்டது.

அவர் உட்கார்ந்தார். சோடா வாங்கிக்கொண்டார். ஹமீதா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் செட்டியார்.

"வேண்டாம்."

"இல்லை, சொல்லித்தான் ஆகணும். நான் மொத நாள்ல இருந்தே..."

"மாறமாட்டீங்க" என்றார் நூர் முகம்மது. "தெரியும்."

கீழே தெருவில் ஒரு ரிக்‌ஷா போனது.

"எப்ப இருந்து?" என்று கேட்டார் செட்டியார்.

"கல்யாணம் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே. மாறப்போற ஆளு தொழுகையைப் பத்திக் கேப்பான், நோன்பைப் பத்திக் கேப்பான். நீங்க என் மருமகளைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தீங்க."

என் வீட்டுக்காரர் இருமினார். "தெரிஞ்சுமா சம்பந்தி இத்தனை நாளும் வந்தீங்க?"

"எங்க ஊர்ல எனக்கு ஒரு வசனம் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. நானே எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இவருக்குப் பதில் சொல்லணும்னுதான் ஒழுங்கா உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க எனக்கே வெக்கமாப் போச்சு." சோடாவை ஒரு வாய் குடித்தார். "ஊருக்குப் போனாலும் சந்தேகம் வந்தா எழுதுங்க செட்டியாரே. ஆனா மருமகளைப் பத்தி வேண்டாம். அதை இனிமே நான் பாத்துக்கிறேன்."

செட்டியார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் அழுகைதான். கூடவே கொஞ்சம் ஆத்திரமும் வந்தது. அத்தனை சந்தேகத்தையும் உட்கார்ந்து யோசித்தவள் நான், எழுதிப் போடச் சொல்வது செட்டியாரிடம்.

ஹமீதா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மாமனார் கூப்பிடாமல் அவர் முன்னால் அவள் போய் நின்றதே கிடையாது. நான் தடுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாதிப் படியில் அவளைப் பார்த்துவிட்டு நூர் முகம்மது பெஞ்சை விட்டு எழுந்தார்.

"மெதுவா வாம்மா" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்லை, நான் இங்கதான் இருக்கேன்."